கோலா 5 சென்ட், வெண்ணெய் 80 சென்ட்: போருக்குப் பிந்தைய அமெரிக்கா உண்மையில் மலிவாக இருந்ததா? (1945–50)

பழையரசீது எழுதியது:

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கருப்பு வெள்ளையில் ஒரு மளிகைக் கடை. அதன் மேல் "1947 அமெரிக்கா" என்று போட்டு, கோகோ கோலா 5 சென்ட், தபால்தலை 3 சென்ட், ஒரு பவுண்டு ரொட்டி 12 சென்ட் என்று ஒரு பட்டியல். கீழே "அதுவல்லவோ பொற்காலம்" என்று ஒரு பெருமூச்சு.

பட்டியலில் இருக்கும் விலைகள் சரிதான். ஆனால் அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர்களிடம் போய்க் கேட்டிருந்தால், இப்படி ஒரு விலையேற்றத்தைப் பார்த்ததே இல்லை என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். 1947 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு முந்தைய மார்ச்சைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில்கூட அவர்கள் அந்த வேகத்தைத் தொடவில்லை.

சில விலைகளைப் பாருங்கள். வெண்ணெய் ஒரு பவுண்டு 1945ல் சுமார் 50 சென்ட், 1947ல் 80. மாட்டுத்தொடைக் கறி 40 சென்ட்டிலிருந்து 75. காபித்தூள் 30லிருந்து 47. எல்லாம் இரண்டே வருடத்தில்.

படம் போடுகிறவர்கள் சம்பளத்தை மட்டும் ஏனோ போடுவதில்லை. 1947ல் ஆலைத் தொழிலாளிக்குச் சராசரியாக மணிக்கு 1 டாலர் 22 சென்ட். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 40 சென்ட்தான், அது 75 ஆனது 1950 ஜனவரியில். ஆக, அடிமட்டக் கூலிக்காரர் ஒரு பவுண்டு வெண்ணெய்க்கு இரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: அந்த ஐந்து வருடங்களும் அமெரிக்கர்களுக்குக் கையில் காசும் கடையில் சரக்கும் ஒன்றுக்கொன்று எட்டாமல் ஓடிய காலம். மலிவு என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய லேபிள். மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். கொரியப் போர் தொடங்கும் 1950 ஜூனோடு நிறுத்திக்கொள்வோம், இல்லாவிட்டால் இழை எல்விஸ் வரை போய்விடும்.


சோளப்பொரி எழுதியது:

எல்லாம் சரி. அந்த 5 சென்ட் கோலா மட்டும் எப்படி? 1886லிருந்து 1950கள் வரை அதே விலை என்கிறார்கள். இரண்டு உலகப்போர், நடுவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம், எதற்கும் அசையவில்லை. கம்பெனி என்ன தர்மத்துக்கா விற்றது?


எண்சுவடி எழுதியது:

தர்மமெல்லாம் இல்லை. 1899ல் கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை இரண்டு வழக்கறிஞர்களுக்குக் கொடுத்தார்கள். பாட்டில் வியாபாரமெல்லாம் எங்கே ஓடப்போகிறது என்ற நினைப்பில், அவர்களுக்குக் கொடுக்கும் சிரப்பின் விலையை முடிவுத் தேதியே இல்லாமல் நிர்ணயித்துவிட்டார்கள். சிரப் விலையை ஏற்ற முடியாதென்றால் கம்பெனிக்கு இருக்கும் ஒரே வழி நிறைய விற்பது. கடைக்காரர் விலையைக் கூட்டிவிடக் கூடாதே என்று, கண்ணில் படும் சுவரிலெல்லாம் "5 சென்ட்" என்று எழுதி வைத்தார்கள்.

1921ல் அந்த ஒப்பந்தம் மாறியது. ஆனால் அதற்குப் பிறகு தானியங்கி விற்பனை இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு நிக்கல், அதாவது 5 சென்ட் நாணயம். அடுத்த நாணயம் டைம், அதாவது 10 சென்ட். ஏற்றினால் விலை ஒரே நாளில் இரட்டிப்பாகும். உங்கள் எல்லைக்கு வெளியேதான், இருந்தாலும் சொல்கிறேன்: 1953ல் கம்பெனித் தலைவர் ராபர்ட் உட்ரஃப், அதிபர் ஐசனோவரிடம் ஏழரை சென்ட் நாணயம் ஒன்று அடிக்கச் சொல்லிக் கேட்டார். நடக்கவில்லை.

நியூயார்க் சப்வே கட்டணமும் 1904லிருந்து ஒரு நிக்கல்தான். அதில் கை வைக்க எந்த மேயருக்கும் துணிச்சல் வரவில்லை. 1948 ஜூலை 1 அன்றுதான் 10 சென்ட் ஆனது. உங்கள் வாட்ஸ்அப் படத்தை மறுபடி பாருங்கள். இப்படி ஏதோ ஒரு காரணத்தால் நகராமல் நின்ற விலைகளாகப் பொறுக்கிப் போட்டிருப்பார்கள். வெண்ணெய் அதில் இருக்காது.


திண்ணைக்காரர் எழுதியது:

ரசீது ஐயா, நான் எதிர்க்கட்சி.

விலை ஏறியது, ஒத்துக்கொள்கிறேன். ஏன் ஏறியது? கையில் காசு இருந்ததால். போர்க்காலத்தில் ஆலைகளில் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்தார்கள், செலவழிக்கச் சரக்கு இல்லை, போர்ப் பத்திரத்திலும் வங்கியிலும் போட்டு வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பணம் மொத்தமாகத் தெருவுக்கு வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைவீரர்கள் வீடு திரும்பினால் 1930கள் போலப் பெருமந்தம் மறுபடி வரும் என்று பயந்தார்கள். வரவில்லை. 1946, 47, 48 மூன்று வருடமும் வேலையின்மை 4 சதவீதத்துக்குக் கீழே.

இதே 1946 ஜூலையில் போரில் ஜெயித்த பிரிட்டன் ரொட்டிக்கே ரேஷன் போட்டது, போர் நடந்தபோதுகூட அங்கே ரொட்டிக்கு ரேஷன் இல்லை. ஜெர்மனியில் சிகரெட்தான் பணம். அந்த உலகத்தில் உட்கார்ந்துகொண்டு வெண்ணெய் 80 சென்ட் என்று அழுதவர்களைப் பார்த்தால் எனக்குப் பெரிய இரக்கம் வரவில்லை.

அதோடு முன்னாள் வீரர்களுக்கான ஜி.ஐ. பில் என்று ஒரு சட்டம் இருக்கிறதே. 1944 ஜூன் 22ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது. வேலை தேடும் முன்னாள் வீரருக்கு வாரம் 20 டாலர், 52 வாரம் வரை. "52-20 கிளப்" என்று அவர்களே கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள். படிக்கப் போனால் வருடத்துக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசு கட்டும், கைச்செலவுக்கு மாதப்படி தனி. 1947ல் கல்லூரியில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அதில் எத்தனை பேர்! இதைப் பொற்காலம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?


எண்சுவடி எழுதியது:

திண்ணைக்காரர் சார், கையில் காசு இருந்ததால் ஏறியது என்பது பாதிக் கதை. மீதிப் பாதி வாஷிங்டனில் நடந்தது. 1946 இறைச்சிக் கூத்தைச் சொல்லாமல் இந்த இழை நகரக் கூடாது.

போர்க்காலத்தில் விலைக்கட்டுப்பாட்டு அலுவலகம் ஒன்று இருந்தது. செருப்பிலிருந்து சோப்பு வரை எல்லாவற்றுக்கும் உச்சவிலை அதுதான் வைக்கும். போர் முடிந்ததும் பெட்ரோல் ரேஷனை உடனே எடுத்துவிட்டார்கள். இறைச்சி, வெண்ணெய் ரேஷன் 1945 நவம்பரில் போனது. ஆனால் உச்சவிலை மட்டும் நீடித்தது. தொழிலதிபர்கள் அதை எடுக்கச் சொல்லி நெருக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பல்லைப் பிடுங்கி ஒரு நீட்டிப்பு மசோதாவை அனுப்ப, அதிபர் ட்ரூமன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். விளைவு, 1946 ஜூன் 30 நள்ளிரவோடு கட்டுப்பாடு மொத்தமும் காலாவதி. ஒரே மாதத்தில் உணவு விலை ஏறத்தாழ 14 சதவீதம் பாய்ந்தது.

ஜூலை கடைசியில் அரைகுறையாக ஒரு சட்டம் வந்தது. இறைச்சிக்கு உச்சவிலை மறுபடி வரப்போகிறது என்று தெரிந்ததும் மாடு வளர்ப்பவர்கள் இருந்ததையெல்லாம் ஓட்டிவந்து விற்றார்கள். வந்த பிறகு மாட்டைப் பட்டியிலேயே நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் நாடு முழுக்கக் கறிக்கடைகள் காலி. கடையில் சட்டப்படியான விலை எழுதித் தொங்கும், கொக்கியில் கறி தொங்காது. தெரிந்தவர் மூலம் பின்வாசலில் கேட்டால் கிடைக்கும், விலை வேறு.

அக்டோபர் 14 இரவு வானொலியில் பேசிய ட்ரூமன் வேறு வழியில்லாமல் இறைச்சிக் கட்டுப்பாட்டை எடுத்தார். மூன்று வாரத்தில் காங்கிரஸ் தேர்தல். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் முழக்கம், "போதுமா?" என்ற ஒரே கேள்வி. இரண்டு அவைகளும் அவர்கள் கைக்குப் போயின, 1930களின் தொடக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக. பீஃப்ஸ்டேக் தேர்தல் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. நவம்பர் 9ல் ட்ரூமன் மற்றக் கட்டுப்பாடுகளையும் கைவிட்டார். மிஞ்சியவை வாடகை, சர்க்கரை, அரிசி. ஆமாம், அரிசிதான்.


பழையரசீது எழுதியது:

இதோடு வேலைநிறுத்தங்களையும் சேர்க்க வேண்டும். ஓவர்டைம் போனதும் வாரச் சம்பளம் சுருங்கிவிட்டது, விலையோ எதிர்த்திசையில் போகிறது. 1946ல் மட்டும் 46 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எஃகு, நிலக்கரி, ரயில், எதுவும் பாக்கியில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் 113 நாள். அங்கே சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் வைத்த கோரிக்கை அழகானது: சம்பளத்தை 30 சதவீதம் ஏற்று, ஆனால் கார் விலையை ஏற்றாதே, முடியாதென்றால் உன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு. புத்தகம் திறக்கவே இல்லை. மணிக்கு பதினெட்டரை சென்ட் உயர்வோடு முடிந்தது.

1948ல் அதே கம்பெனி, அதே சங்கம், விலைக் குறியீடு ஏறினால் கூலியும் தானாக ஏறும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நம் ஊரில் பஞ்சப்படி என்கிறோமே, அதே ஏற்பாடு. விலை இனி இறங்காது என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, திண்ணைக்காரரே.


வெள்ளரிப்பிஞ்சு எழுதியது:

எல்லாரும் வாஷிங்டனையே சுற்றுகிறீர்கள். சமையலறைப் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

வெண்ணெய் 80 சென்ட் ஆனால் என்ன செய்வார்கள்? வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரின் என்ற செயற்கைக் கொழுப்பை வாங்குவார்கள், விலை பாதி. ஆனால் பால் பண்ணைக்காரர்களின் செல்வாக்கால் ஒரு பழைய சட்டம் இருந்தது: மஞ்சள் நிறம் சேர்த்த மார்கரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் மத்திய வரி. நிறமில்லாமல் விற்றால் கால் சென்ட்தான். அதனால் பன்றிக்கொழுப்பு மாதிரி வெள்ளை வெளேரென்ற கட்டியும், கூடவே ஒரு சாயக் குளிகையுமாகக் கடையில் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிண்ணத்தில் போட்டு மஞ்சளாகும் வரை பிசைய வேண்டும். பெரும்பாலும் குழந்தைகள் தலையில் விழுந்த வேலை அது. சில மாநிலங்களில் மஞ்சள் மார்கரின் விற்கவே தடை. மத்திய வரி ஒழிந்தது 1950ல்.

சர்க்கரைதான் கடைசியாக ரேஷனிலிருந்து விடுபட்டது, 1947 ஜூனில். போர் முடிந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து! கோடைப் பழங்களைப் பாட்டிலில் போட்டு வைக்கும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று ஊறுகாய் போடுகிறவர்களுக்குப் புரியும்.

அப்புறம் 1947 அக்டோபர் 5. வெள்ளை மாளிகையிலிருந்து ஓர் அதிபர் தொலைக்காட்சியில் பேசியது அதுதான் முதல்முறை. என்ன பேசினார் தெரியுமா? செவ்வாய்க்கிழமை கறி வேண்டாம், வியாழக்கிழமை கோழியும் முட்டையும் வேண்டாம், தானியத்தை மிச்சம் பிடித்துப் பட்டினி கிடக்கும் ஐரோப்பாவுக்கு அனுப்புவோம் என்றார். பார்த்தவர்கள் சொற்பம், தொலைக்காட்சிப் பெட்டி இருந்தவர்களே சொற்பம்தானே. ஆனால் அந்த வருடம் நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் வியாழக்கிழமை. வான்கோழி வெட்டாத நன்றியறிதலா? கோழிப்பண்ணைக்காரர்கள் கூடை கூடையாக உயிர்க்கோழிகளை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம் ட்ரூமன், 1946ல் மாடு, 1947ல் கோழி.

நைலான் காலுறையையும் சொல்ல வேண்டும். போரில் நைலான் முழுவதும் பாராசூட்டுக்குப் போய்விட்டது. 1945 கடைசியில் மறுபடி கடைக்கு வரத் தொடங்கியதும் ஊருக்கு ஊர் தள்ளுமுள்ளு. 1946 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் 13,000 ஜோடிக்கு 40,000 பேர் வரிசையில் நின்றார்கள். அதற்குப் "பெண்களின் பைத்தியம்" என்று பத்திரிகைகள் கேலி எழுதின. ஆண்கள் கார் டீலர் முன்னால் நின்றதற்கு யாரும் அப்படி எழுதியதாகத் தெரியவில்லை.


சோளப்பொரி எழுதியது:

பிஞ்சக்கா கடைசி வரிக்கு ஒரு கைதட்டல். ஆண்களின் பைத்தியத்துக்கு என்னிடம் ஓர் உதாரணம்: பால்பாயிண்ட் பேனா. 1945 அக்டோபர் 29, நியூயார்க் கிம்பெல்ஸ் கடை, ரெனால்ட்ஸ் என்ற பேனா, விலை பன்னிரண்டரை டாலர். ஆலைத் தொழிலாளியின் ஒன்றரை நாள் சம்பளம். முதல் நாளிலேயே சுமார் 10,000 போனது. பாதி பேனா ஒழுகியது, மீதி எழுதவில்லை என்று புகார் மேல் புகார். சில வருடங்களில் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது.


ரயிலடி எழுதியது:

கார் வரிசையைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். 1946 கார் என்று விற்றது 1942 மாடல்தான், முன்பக்கக் கிராதியை மட்டும் மாற்றினார்கள். அதற்கே மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். டீலரிடம் மேசைக்கடியில் தனிப்பணம் கொடுத்தால் பெயர் மேலே ஏறும். புதுக் காரை வாங்கிய கையோடு பழைய கார்ச் சந்தையில் கூடுதல் விலைக்கு விற்றவர்கள் உண்டு.

ஆனால் நிஜமான பஞ்சம் வீட்டுக்குத்தான். பெருமந்தத்தில் பத்து வருடம் யாரும் சரியாக வீடு கட்டவில்லை, பிறகு போர். திரும்பி வந்த வீரர் மனைவி, கைக்குழந்தையோடு மாமனார் வீட்டுப் பின்னறையில். சிகாகோவில் ஓய்வு பெற்ற டிராம் பெட்டிகளை வீடாக விற்றார்கள். ஒமாஹாவில் ஒரு பத்திரிகை விளம்பரம்: 7 அடிக்கு 17 அடி பெரிய ஐஸ்பெட்டி, சரிசெய்தால் குடியிருக்கலாம். பல்கலைக்கழக மைதானங்களில் ராணுவத் தகரக் கொட்டகைகள் நின்றன.

இந்த நேரத்தில்தான் வீடு கட்டி விற்கும் தொழிலதிபர் லெவிட் வருகிறார். நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947ல் வீடு கட்டத் தொடங்கினார். கார் ஆலையில் கார் நகரும், ஆட்கள் நிற்பார்கள். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். ஒரு குழு கான்கிரீட் தளம் ஊற்றிவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னால் மரச்சட்டம் அடிக்கும் குழு, அதன் பின்னால் சிவப்புப் பெயிண்ட் குழு, வெள்ளைப் பெயிண்ட் குழு. உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 வீடு. நிலவறை கிடையாது, 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை. முதலில் மாதம் 60 டாலர் வாடகைக்கு விட்டார்கள். 1949ல் 7,990 டாலருக்கு விற்பனை. முன்னாள் வீரருக்கு முன்பணம் வேண்டாம், மாதத் தவணை 58 டாலர் அளவுக்கு. சலவை இயந்திரம் வீட்டோடு வரும். 1950 மாடலில் மாடிப்படிக்கடியில் தொலைக்காட்சிப் பெட்டியும் பதித்துக் கொடுத்தார்கள். 1951ல் முடித்தபோது 17,000க்கு மேல் வீடுகள்.

ஓர் ஆலைத் தொழிலாளியின் மூன்று வருடச் சம்பளத்துக்குள் ஒரு புது வீடு. ரசீது ஐயா, இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் திண்ணைக்காரர் பக்கம்.


கருவேலம் எழுதியது:

யாருக்கு வீடு என்பதையும் எழுதியிருக்கலாம்.

லெவிட் கட்டிய அந்தக் குடியிருப்பான லெவிட்டவுனின் வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவரைக் குடியிருக்க விடக் கூடாது என்று தெளிவாக ஒரு ஷரத்து இருந்தது, வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு. 1948 மே மாதம் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு ஷரத்தை எடுத்தார்கள், ஆனால் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கவில்லை. ஜி.ஐ. பில் சட்டத்தில் நிறம் இல்லை, கடன் கொடுக்கும் வங்கியில் இருந்தது. 1947ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், முன்னாள் வீரர்களுக்கு உத்தரவாதம் தந்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது 2.

1946 பிப்ரவரியில் ஐசக் வுடார்ட் என்ற சார்ஜென்ட், அன்றைக்குத்தான் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர், சீருடையிலேயே பேருந்தில் ஊருக்குப் போகிறார். தென் கரோலினாவில் போலீஸ் அதிகாரி அடித்ததில் இரண்டு கண்களும் போய்விட்டன. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அந்த அதிகாரியை அரைமணி நேரத்துக்குள் விடுதலை செய்தது. ட்ரூமனை உலுக்கிய வழக்குகளில் அது ஒன்று. 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை வந்ததற்கு இதுவும் பின்னணி.

1947 ஏப்ரல் 15ல் கறுப்பினப் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கியதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். அவர் ரன் எடுப்பதைப் பார்க்க டிக்கெட் வாங்கிய கறுப்பினக் குடும்பம் அதே வருடம் லெவிட்டவுனில் வாடகைக்குப் போக முடியாது.


திண்ணைக்காரர் எழுதியது:

கருவேலம் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடவும் போவதில்லை. ஆனால் ஒன்று: அந்த வீடுகளின் மதிப்பு பிறகு பல மடங்கு ஏறியது. அடுத்த தலைமுறைக்கு அதுதான் சொத்து. அப்படியென்றால் 1947ல் விட்டுப்போன வாய்ப்பின் விலை 5 சென்ட், 10 சென்ட் கணக்கில் அடங்காது. விலைப்பட்டியல் படத்தை எதிர்க்க ரசீது ஐயாவுக்கு இதுதான் பலமான வாதம் என்று எதிர்க்கட்சியிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறேன்.


சோளப்பொரி எழுதியது:

கொஞ்சம் பொழுதுபோக்குப் பக்கம் போகலாமா?

1946ல் அமெரிக்கர்கள் வாரத்துக்குச் சுமார் 9 கோடி சினிமா டிக்கெட் வாங்கினார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. மக்கள்தொகையே 14 கோடிதான். டிக்கெட் சராசரியாக 40 சென்ட் அளவில். அதுதான் உச்சம், அதற்குப் பிறகு சரிவுதான். தொலைக்காட்சி கெடுத்தது என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் 1947ல் தொலைக்காட்சி எத்தனை வீட்டில் இருந்தது? ஊருக்கு வெளியே வீடு, கைக்குழந்தை, தவணை, இதெல்லாம் சேர்ந்துதான் தியேட்டரைக் காலி செய்தன என்பது என் கருத்து. 1948 மே மாதம் பாரமவுண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களை விற்க வேண்டிவந்தது. 1947 அக்டோபரில் கம்யூனிஸ்ட் வேட்டை விசாரணை ஹாலிவுட்டுக்கு வந்து பத்துப் பேர் வேலையும் போய் ஜெயிலுக்கும் போனார்கள்.

ஆனால் அந்த ஐந்து வருடத்தின் ராஜா வானொலிதான். பாடகர் பிங் கிராஸ்பி கதை எனக்குப் பிடிக்கும். வாராவாரம் நேரலையில் பாட அவருக்குச் சலிப்பு, முன்கூட்டியே பதிவு செய்ய விடுங்கள் என்றார். என்.பி.சி. வானொலி நிறுவனம் மறுத்தது. 1946ல் ஏ.பி.சி.க்கு மாறி இசைத்தட்டில் பதிந்து ஒலிபரப்பினார், தரம் சுமார். ஜாக் மல்லின் என்ற ராணுவப் பொறியாளர் ஜெர்மனியிலிருந்து காந்த நாடாப் பதிவுக் கருவிகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். 1947லிருந்து கிராஸ்பி நிகழ்ச்சி நாடாவில். ஆம்பெக்ஸ் என்ற சிறு கம்பெனியில் 50,000 டாலரும் போட்டார். பாட்டுக்காரர் கோல்ஃப் ஆட நேரம் கேட்டதில் ஒரு தொழில்நுட்பமே வளர்ந்தது.

இன்னொன்று, நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி 1949 ஜனவரியில் என்.பி.சி.யிலிருந்து சி.பி.எஸ்.க்குத் தாவியது. காரணம் கலை இல்லை, வரி. உச்ச வருமான வரி 75 சதவீதத்துக்கும் மேல், மூலதன ஆதாயத்துக்கு 25தான். நிகழ்ச்சியையே ஒரு கம்பெனியாக்கி விற்றால் வரி குறையும் என்று சி.பி.எஸ். வழி சொல்லிக் கொடுத்தது.


வெள்ளரிப்பிஞ்சு எழுதியது:

தொலைக்காட்சி விலை என்ன? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, பொரி தம்பி.


எண்சுவடி எழுதியது:

1946 கடைசியில் வந்த ஆர்.சி.ஏ. பெட்டி, 10 அங்குலத் திரை, 375 டாலர். ஆலைத் தொழிலாளிக்கு ஏழு, எட்டு வாரச் சம்பளம். ஆன்டெனா மாட்ட ஆள் கூலி தனி. அதனால் முதலில் வாங்கியவை மதுக்கடைகள். 1947 அக்டோபரில் யாங்கீஸும் டாட்ஜர்ஸும் மோதிய பேஸ்பால் உலகத் தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மதுக்கடையில் நின்று பார்த்தவர்கள். ஒரு பீரை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸும் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று கடைக்காரர்களுக்கு எரிச்சல் வந்திருக்கும்.

1948 ஜூனில் செவ்வாய் இரவு மில்டன் பெர்ல் நிகழ்ச்சி, அதே மாதம் ஞாயிறு இரவு எட் சல்லிவன். விற்பனை தலைதெறிக்க ஓடியது அப்போதிருந்துதான். 1949ல் சியர்ஸ் 149 டாலர் 95 சென்ட்டுக்கு ஒரு பெட்டி விற்றது. இந்த இழையில் வந்த பொருள்களில் நிஜமாகவே மலிவாகிக்கொண்டு போனது இதுவும் பேனாவும்தான். ஆனாலும் 1950ல்கூட நூறு வீட்டுக்கு ஒன்பதில்தான் பெட்டி.


மட்டுறுத்துநர்:

பறக்கும் தட்டு பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். 1947 ஜூன் 24ல் கென்னத் ஆர்னால்ட் பார்த்ததும் ஜூலையில் ராஸ்வெல் செய்தியும் அந்தக் காலச் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் வேற்றுக்கிரகவாசி உண்டா இல்லையா என்பது இந்த இழையின் பொருள் அல்ல.


ரயிலடி எழுதியது:

செய்தி என்றால் 1948 நவம்பர் அதிபர் தேர்தல்தான், ட்ரூமனை எதிர்த்து நின்றவர் டூயி. சிகாகோ ட்ரிப்யூன் "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று தவறாகத் தலைப்புப் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஏன் அவ்வளவு அவசரம் என்பது பலருக்குத் தெரியாது. 1947ல் தொழிற்சங்கங்களை ஒடுக்க டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. அதை எதிர்த்து அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பத்திரிகை தட்டச்சு செய்த பக்கங்களைப் படமெடுத்து அச்சடித்துக்கொண்டிருந்தது. அந்த முறைக்கு நேரம் அதிகம் என்பதால் முதல் பதிப்பைப் பல மணி நேரம் முன்னதாகவே முடிக்க வேண்டியிருந்தது. ஓட்டு எண்ணி முடியும்வரை காத்திருக்க முடியவில்லை. கருத்துக் கணிப்பாளர் எல்மோ ரோப்பர் செப்டம்பரிலேயே, டூயி ஜெயித்தாயிற்று, இனிக் கணிப்பு வெளியிடத் தேவையில்லை என்று கடையைக் கட்டியிருந்தார்.

ட்ரூமன் எதை வைத்து ஜெயித்தார்? ரயிலில் ஊர் ஊராகப் போய், விலை ஏறியதற்குக் காரணம் ஒன்றும் செய்யாத காங்கிரஸ் என்று திட்டினார். 1946ல் அவரைச் சாய்த்த அதே விலைவாசி.


வெள்ளரிப்பிஞ்சு எழுதியது:

தாய்மாருக்கு அரசியலைவிடப் பெரிய செய்தி போலியோ. கோடை வந்தால் நீச்சல்குளம் மூடல், பிள்ளைகளை சினிமாவுக்கு விட மாட்டார்கள். 1949ல் 42,000க்கு மேல் நோயாளிகள். தடுப்பூசிக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

எண்சுவடி சார், ஒரு கேள்வி. அன்றைக்கு டாலர் நம் ரூபாயில் எவ்வளவு? நம்மவர்கள் யாராவது அங்கே இருந்தார்களா?


எண்சுவடி எழுதியது:

மூன்று ரூபாய் ஐந்தணா அளவு. 1949 செப்டம்பரில் பவுண்டோடு ரூபாயின் மதிப்பையும் குறைத்த பிறகு நான்கு ரூபாய் பன்னிரண்டணா. ஆக ஒரு கோலா இரண்டரை அணாவுக்குச் சற்று மேல், அந்த 10 அங்குலப் பெட்டி ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ரூபாய்.

இந்தியர்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் கலிபோர்னியாவில் விவசாயம் செய்த பஞ்சாபிகள். 1946 ஜூலையில் வந்த லூஸ்-செல்லர் சட்டம்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையைக் கொடுத்தது. புதிதாக வர வருடத்துக்கு 100 பேருக்கு மட்டும் அனுமதி. அந்தச் சட்டத்தால் 1949ல் குடிமகனான தலீப் சிங் சவுந்த் 1956ல் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்வானார்.


சோளப்பொரி எழுதியது:

கடைசியாக ஒன்று. 1950ல் டென்வர்காரர் ஒருவர் 150 டாலர் கொடுத்துப் பெட்டி வாங்கினால் என்ன பார்த்திருப்பார்?


எண்சுவடி எழுதியது:

ஒன்றும் பார்த்திருக்க மாட்டார். அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று 1948 செப்டம்பர் 30ல் புது நிலைய உரிமங்களை நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் என்று சொன்ன தடை 1952 ஏப்ரல் வரை இழுத்தது. நியூயார்க்கில் ஏழு நிலையம், டென்வரில் ஒன்றுகூட இல்லை. டென்வருக்கு 1952 ஜூலையில் வந்தது, ஓரிகன் போர்ட்லண்டுக்கு செப்டம்பரில். அதுவரை அங்கே ஜாக் பென்னி வானொலியில்தான்.